தூங்காத புல்: ஈப்போ கோல்ஃப் திடல்கள் மழையிலும் வெயிலிலும் எப்படிப் பச்சையாக இருக்கின்றன?

காலை 6.30 மணி. ஈப்போவில் இன்னும் இருட்டு. கோல்ஃப் திடலின் ஓரத்தில் இருக்கும் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்குகின்றன. வெளிச்சம் வந்ததும் முதல் ஆட்டக்காரர் வந்து நிற்பார். அதற்குள் புல்லை வெட்டி, மேலே படிந்த பனியைத் தட்டிவிட்டு, மணல் பள்ளங்களை வாரி, குழிகளை இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வந்தவர்களில் ஒரு தலைமுறை ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. என் மாமா அதில் ஒருவர். இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஈப்போ பக்கம் ஒரு திடலில் புல் வெட்டப் போனார். "வெள்ளைக்காரன் நாட்டுல குளிர் வந்தா புல்லு தூங்கிரும்னு சொல்றாங்க. நம்ம ஊர்ப் புல்லு ஒரு நாள்கூடத் தூங்குனதில்ல பிள்ள" என்பார்.

அவர் சொன்னது அறிவியல்படியும் சரிதான். ஸ்காட்லாந்திலோ ஜப்பானிலோ குளிர்காலத்தில் புல்லின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். திடல் ஊழியர்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். பேராக்கில் 365 நாளும் புல் வளரும். களையும் வளரும், பூஞ்சையும் வளரும். அப்படியென்றால் இங்கே பருவத்துக்கு ஏற்ற பராமரிப்பு என்பதே கிடையாதா?

நமக்குத்தான் பருவமே இல்லையே?

"மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும்" என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. நமக்கு இரண்டு பருவக்காற்றுகள் உண்டு. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் நடுவே காற்று திசை மாறும் இரண்டு இடைக்காலங்கள் வரும்.

கிளந்தானுக்கும் திரெங்கானுவுக்கும் ஆண்டிறுதியில் வெள்ளம் என்றால் வடகிழக்குப் பருவக்காற்றுதான் காரணம். ஈப்போவின் கதை வேறு. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்பதால் அந்தக் காற்றின் முழு வேகம் இங்கே வந்து சேர்வதில்லை. கிந்தா பள்ளத்தாக்கில் அதிகம் மழை கொட்டுவது இடைக்காலங்களில்தான்: ஏப்ரல் மே ஒருமுறை, அக்டோபர் நவம்பர் இன்னொருமுறை. காலையில் பளீரென்று வெயில் அடிக்கும், மூன்று நான்கு மணிக்கு மேகம் கறுக்கும், அப்புறம் ஒரு மணி நேரம் ஊற்று ஊற்று என்று ஊற்றும். ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறையும்.

அதே பேராக்கில், ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெறும் ஊர். இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். ஈப்போ அட்டவணையை அங்கே உள்ள திடலுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

தோட்டத்து மக்கள் இந்தக் காலண்டரை மரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஜனவரி கடைசியில் ரப்பர் இலை சிவந்து உதிரத் தொடங்கினால் வறண்ட காலம். அப்போது பால் குறையும், கையில் காசும் குறையும். விடியலில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், மங்கில் தண்ணீர் நிறைந்துவிடும், அன்றைக்கு வெட்டு கிடையாது. நாள் சம்பளத்தில் இருந்தவர்களுக்கு வானிலை என்பது அடுப்பு எரிகிற விஷயம். அதனால்தான் மாமா மாதிரி ஆட்கள் வானத்தைப் பார்த்தே "இன்னிக்கு மருந்து அடிக்காதீங்க, சாயங்காலம் கழுவிட்டுப் போயிரும்" என்று சொல்ல முடிந்தது.

பிள்ளையாருக்குப் போடும் புல்லின் சொந்தக்காரன்

கோல்ஃப் திடலில் ஒரே புல்தான் இருக்கிறது என்று நினைத்தால், அது தப்பு. குழி இருக்கும் வழவழப்பான பகுதிக்குப் பெயர் கிரீன். பந்தை அடித்துக்கொண்டு நடக்கும் நீளமான பாதை ஃபேர்வே. அதன் இரு பக்கமும் உயரமாக விட்டிருப்பது ரஃப்.

நம் ஊர்த் திடல்களின் ஃபேர்வேயில் பெரும்பாலும் இருப்பது அகலமான இலை கொண்ட 'கவ் கிராஸ்'. பள்ளித் திடலிலும் தாமான் பூங்காவிலும் நீங்கள் மிதித்த அதே புல்தான். விலை குறைவு, நிழலையும் ஏழை மண்ணையும் தாங்கும். ஆனால் அதைக் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்ட முடியாது. கிரீனுக்கு வேறு புல் வேண்டும். அதில் உலகெங்கும் பிரபலமான ஒன்று டிஃப்ட்வார்ஃப். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் ஆய்வு நிலையம் ஒன்று 1965ல் வெளியிட்ட ரகம். அதன் பெற்றோரில் ஒன்று சைனோடான் டாக்டைலான். அதாவது நாம் விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டுகிற அருகம்புல்!

அருகம்புல்லுக்கு இரண்டு குணம் உண்டு. எவ்வளவு வெட்டினாலும் தரையோடு படர்ந்து மறுபடி எழும். ஆனால் வெயில் இல்லாவிட்டால் வாடிவிடும். பின்னால் வரும் தலைவலிகள் பலவற்றுக்கு இந்த இரண்டாவது குணம்தான் காரணம்.

கிரீனில் புல்லின் உயரம் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். ஓர் அரிசியை நிமிர்த்தி வைத்தால் அதுவே புல்லைவிட உயரமாக இருக்கும். ஒரு தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது புல் பராமரிப்பில் அடிப்படை விதி. 4 மில்லிமீட்டர் புல்லில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் வெட்டாமல் விட்டாலே அந்த விதியைத் தாண்டிவிடும். அப்புறம் பழைய உயரத்துக்கு வெட்டினால் பச்சை போய் பழுப்புத் தண்டுதான் மிஞ்சும். அதனால் தீபாவளி, பெருநாள், பொது விடுமுறை எதுவானாலும் யாராவது ஒருத்தர் போய் வெட்டியாக வேண்டும்.

குழி இடம் மாற்றும் வேலையும் தினசரி வேலை. குழியின் விட்டம் எப்போதும் 108 மில்லிமீட்டர். ஒரே இடத்தில் குழி இருந்தால் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்துப் புல் செத்துவிடும். உருளை மாதிரி ஒரு கருவியால் புது இடத்தில் மண்ணைத் தோண்டி எடுத்து, அந்தக் கட்டியாலேயே பழைய குழியை அடைப்பார்கள். நல்ல கைக்காரர் அடைத்தால் எங்கே குழி இருந்தது என்றே தெரியாது.

மழை வந்தால் என்ன ஆகும்?

அதிகத் தண்ணீர் புல்லைக் கொல்லும். வேருக்குக் காற்று வேண்டும். மண்ணில் உள்ள இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்தால் வேர் மூச்சு முட்டி அழுகும். அதனால் நவீன கிரீன்களுக்கு அடியில் மண்ணே கிடையாது. மேலே சுமார் 30 சென்டிமீட்டர் மணல் கலவை, அதற்குக் கீழே 10 சென்டிமீட்டர் சரளைக்கல், அதற்கும் கீழே வடிகால் குழாய். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960ல் வெளியிட்ட முறை இது. பெரிய வடிகட்டி ஒன்றின் மேல் புல் வளர்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டியும் அடைக்கும். மிதிபட்டு மிதிபட்டு மணல் இறுகும், வெட்டிய புல்லின் மிச்சம் மேலே மெத்தை மாதிரி படியும். அதற்காக ஆண்டில் சில முறை கிரீன் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, மண் குச்சிகளை வெளியே எடுத்து, மணலைத் தூவி நிரப்புவார்கள். குளிர்நாடுகளில் இதை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் செய்வார்கள். இங்கே எப்போது செய்தாலும் புல் இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும், அது நமக்குள்ள வசதி. அடைமழைக்கு நடுவில் செய்தால் மட்டும் தூவிய மணல் ஓடிப்போகும். ஆகவே வறண்ட வாரம் பார்த்துச் செய்கிறார்கள். ஆட்டக்காரர்கள்தான் முனகுவார்கள்: "காசு கட்டி வந்தா, கிரீன் முழுக்க ஓட்டை!"

ஒரு மணி நேர மழை அடித்து ஓய்ந்ததும் பங்கர் என்கிற மணல் பள்ளங்களின் சரிவிலிருந்து மணல் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும். மண்வெட்டியால் அதை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அக்டோபரில் வாரத்துக்கு நான்கு நாள் இப்படி நடக்கும். இயந்திரம் அதிகம் உதவாத, முதுகை ஒடிக்கிற வேலை.

அடுத்த எதிரி பூஞ்சை. இரவிலும் புழுக்கம், புல் மேல் ஈரம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பைத்தியம் என்று ஒரு நோய் இருக்கிறது (சிரிக்காதீர்கள், அந்தக் கிருமியின் அறிவியல் பெயரே அதுதான்). ஈரமும் வெப்பமும் கூடிய இரவில் தொடங்கினால் ஓரிரு நாளில் கிரீனில் பெரிய பெரிய திட்டாகப் புல் கருகிவிடும். விடியலில் நீளமான கழியால் புல்லின் மேலிருந்து பனியைத் தட்டிவிடுவது இதற்காகத்தான். சாட்டை மாதிரி வளையும் அந்தக் கழியை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடப்பார்கள். மருந்துச் செலவில்லாத தடுப்பு அது.

இடியைச் சொல்லாமல் விட முடியாது. உலகிலேயே இடி மின்னல் அதிகம் உள்ள பகுதிகளில் மலேசியாவின் மேற்குக் கரையும் ஒன்று. திறந்த வெளி, கையில் உலோகம், அங்கங்கே தனி மரம். அபாயச் சங்கு ஒலித்ததும் ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்கு ஓடுவார்கள். தூரத்துக் குழியில் இயந்திரத்தோடு இருக்கும் ஊழியர்தான் கடைசியாக வந்து சேர்வார்.

வெயில் காலத்தில்?

மழை இல்லாத இரண்டு வாரம் போதும், மணல் கலவை தண்ணீரை மறக்கத் தொடங்கும். காய்ந்த மணலின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் உருவாகி, தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போகாமல் உருண்டு ஓடும். கிரீனில் அங்கங்கே வட்டமாகப் பழுப்பு விழும். அந்த இடங்களில் முள்கரண்டியால் குத்தி, கைக்குழாயில் தண்ணீர் விடுவார்கள். நண்பகலில் மெல்லிய தூறலாகத் தெளிப்பதும் உண்டு. அது வேருக்காக இல்லை, புல்லின் உடல் சூட்டைத் தணிக்க.

எல் நினோ ஆண்டுகளில் இந்தக் காலம் நீளும். 2016லும் 2024லும் ஆண்டுத் தொடக்கத்து வெப்பம் உங்களுக்கும் நினைவிருக்கும். மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி வரை போனால் மெட் மலேசியா முதல் கட்ட எச்சரிக்கை விடும். பள்ளிகளில் வெளி நடவடிக்கைகளை நிறுத்துவார்கள். புல்வெட்டும் தொழிலாளிக்கு அப்படி ஒரு மணி அடிப்பதில்லை. சூடான இன்ஜின் மேல் உட்கார்ந்து, நிழலே இல்லாத ஃபேர்வேயில் நான்கு மணி நேரம். முடிந்தவரை வேலையை விடியலுக்குத் தள்ளுவதும், தண்ணீர் குடிக்க நிறுத்துவதும்தான் வழி. அதை மேற்பார்வையாளர் அனுமதிக்கிறாரா என்பது திடலுக்குத் திடல் மாறும்.

அப்புறம் புகைமூட்டம். 2015 செப்டம்பர், அக்டோபரில் நாம் முகக்கவசம் போட்டுத் திரிந்தோம் இல்லையா, அப்போது புல்லுக்கும் மூச்சுத் திணறல்தான். வெளிச்சம் குறைந்தால் அருகம்புல் வகைகள் மெலியும். அந்த நேரத்தில் வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி, உரத்தைக் குறைப்பார்கள். உயரம் ஏறினால் பந்து மெதுவாக ஓடும். அதற்கும் புகார் வரும்.

கீழே ஈயம், கீழே வேர்

பேராக்கில் ஒரு திடலின் நடத்தையைப் புரிந்துகொள்ள, அது முன்பு என்னவாக இருந்தது என்று கேட்க வேண்டும்.

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் வளமான ஈய வயல்களில் ஒன்று. 1985ல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. மிஞ்சியவை ஈயக்குட்டைகளும் வெள்ளை மணல் மேடுகளும். பத்து காஜாவில் உள்ள கிளியர்வாட்டர் சரணாலய கோல்ஃப் திடல் அப்படிப்பட்ட நிலத்தில், குட்டைகளை ஏரிகளாக வைத்துக்கொண்டே உருவானது. சுரங்கம் கழுவிப் போட்ட மணலில் சத்து கிடையாது, தண்ணீரும் நிற்காது. பக்கத்திலேயே களிச்சேறு படிந்த இடத்தில் தண்ணீர் வடியவே வடியாது. ஒரே ஃபேர்வேயில் பத்து அடி தள்ளி இரண்டு வேறு உலகம். உரத்தை மொத்தமாகக் கொட்டினால் மழையில் கரைந்து குட்டைக்குத்தான் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். வறட்சியில் மட்டும் இந்த நிலத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. குட்டையில் தண்ணீர் இருக்கும்.

ரப்பர் நிலத்தின் குணம் வேறு. மேடு பள்ளமான செம்மண், நன்றாக வடியும், ஆனால் சரிவில் அரிக்கும். மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டையும் வேரும் முழுதாக வெளியே வருவதில்லை. புதைந்த கட்டை ஆண்டுக்கணக்கில் மக்கும்போது அதைத் தின்னும் பூஞ்சைகள் மேலே வளையம் வளையமாகக் காளானை எழுப்பும். வளையத்தின் ஓரத்தில் புல் கரும்பச்சையாக இருக்கும், உள்ளே காய்ந்து கிடக்கும். கட்டை முழுதாக மக்கினால் அந்த இடம் அமுங்கி, மழையில் குட்டி குளமாகிவிடும். காளான் வளையத்தைக் காட்டி மாமா சொல்வார்: "இங்க ஒரு பெரிய மரம் நின்னுருக்கும். நல்லா பால் குடுத்த மரமா இருக்கும்."

பூச்சி, களை, மருந்து

இனி வருவதுதான் எனக்கு இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி.

திடலுக்கு வரும் பூச்சிகளில் ஒன்று பிள்ளைப்பூச்சி. மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி வேரை அறுக்கும். இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊற்றினால் சில நிமிடத்தில் மேலே வந்துவிடும். மழைக்குப் பின் படைப்புழு கூட்டமாக வந்து ஒரே இரவில் இலையை மேய்ந்துவிடும். களைகளில் கோரை, தொட்டாச்சிணுங்கி இரண்டும் உண்டு. எல்லாவற்றையும்விட மோசம் மலாயில் சம்பாவ் என்கிற புல். கேழ்வரகின் காட்டுச் சொந்தம் அது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தாலும் சாகாத சம்பாவ் புல் உலகில் முதன்முதலாகப் பதிவானது 1990களின் கடைசியில், மலேசியாவில்தான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததன் விளைவு. இப்போதும் கிரீனில் அதைக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள்.

தோட்டத்தில் மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். பாட்டிமார், அம்மாமார். முதுகில் தோம்பு, காலில் சிலருக்குச் சிலிப்பர். 2002ல் தெனாகானித்தா அமைப்பு வெளியிட்ட ஆய்வு, தோட்டங்களில் மருந்து அடித்த பெண்களுக்கு மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், தோல் நோய், கண் எரிச்சல் இருந்ததைப் பதிவு செய்தது. அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். அதே 2002ல் அரசு அதைத் தடை செய்வதாக அறிவித்தது, 2006ல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. பிள்ளைப்பூச்சிக்குத் திடல்களில் பயன்பட்ட குளோர்பைரிஃபோஸுக்கு 2023 மே மாதம் தடை.

தோட்டத்தில் தோம்பு சுமந்தவர்கள் திடலுக்கு வந்தபோது அதே வேலை அவர்கள் கைக்கே வந்தது. நல்ல திடல்களில் இப்போது கையுறை, முகக்கவசம், பூட்ஸ் கட்டாயம். மருந்து அடித்த இடத்தில் சிவப்புக் கொடி நட்டு வைப்பார்கள். கொடி ஆட்டக்காரரைக் காப்பாற்றும். அடிப்பவரைக் காப்பாற்றுவது அந்தக் கவசம் மட்டும்தான், அதுவும் 35 டிகிரி வெயிலில் அதைக் கழற்றாமல் இருந்தால். அதனால்தான் மருந்து அடிக்கும் நேரமும் பருவத்தைப் பார்த்து முடிவாக வேண்டும்: காற்றில்லாத விடியல், அன்று மாலை மழை இருக்கக்கூடாது. அக்டோபரில் அப்படி ஒரு நாள் கிடைப்பதே அபூர்வம்.

தோட்டம் போனது, திடல் வந்தது

மலாயாவின் ரப்பர் கதை தொடங்கிய இடங்களில் ஒன்று பேராக்கின் கோலகங்சார். 1877ல் அங்கே நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் பெரிய மரமாக நிற்கிறது. நூறு ஆண்டு கழித்து ரப்பர் இறங்கி, செம்பனை ஏறி, நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கோல்ஃப் திடலுக்கும் போயின. புக்கிட் ஜாலில் என்றால் உங்களுக்கு ஸ்டேடியம் நினைவுக்கு வரும். அது ஒரு தோட்டத்தின் பெயர். ஷா ஆலாமின் கிளென்மரியும் அப்படித்தான்.

1980களிலும் 1990களிலும் ஆசியா முழுக்கத் திடல்கள் பெருகின. நிலமும் தண்ணீரும் யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. மலேசியா, ஜப்பான், தாய்லாந்து சூழல் ஆர்வலர்கள் சேர்ந்து 1993ல் உலக கோல்ஃப் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கி, ஏப்ரல் 29ஐ 'கோல்ஃப் இல்லா நாள்' என்று அறிவித்தார்கள். மருந்து நீரில் கலப்பது, விவசாயிகள் வெளியேற்றப்படுவது, இவைதான் அவர்கள் எழுப்பிய புகார்கள். சில திடல்கள் பிறகு உரத்தையும் மருந்தையும் குறைத்தன, குட்டைகளைப் பறவைகளுக்கு விட்டன. எல்லாத் திடல்களும் அப்படி மாறின என்று சொல்ல மாட்டேன்.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குத் திடல் வேலை இறக்கமா, ஏற்றமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மழை பெய்தாலும் மாதச் சம்பளம் உண்டு. லயத்து வீடு, கோயில், பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி, இவை போயின. அவர்கள் ஓய்வு பெற்ற இடத்தில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா தொழிலாளர்கள். குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். நம் இளைஞர்கள் அந்தக் காசுக்கு விடியல் 6 மணிக்கு வர மாட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இதே துறையில் புல் அறிவியல், நீர்ப்பாசனம், இயந்திரம் படித்துவிட்டு மேலாளராக வரும் வழியும் இருக்கிறது. தாவரவியலோ வேளாண்மையோ எடுத்த மாணவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இனி என்ன மாறுகிறது?

உவர் நீரையும் தாங்கும் பாஸ்பாலம் என்ற புல்லுக்குச் சில திடல்கள் மாறுகின்றன. அதற்கு உரம் குறைவாகப் போதும். மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி வந்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் விடுவது குறைகிறது. ஃபேர்வேயைத் தானே வெட்டும் ரோபோ இயந்திரங்கள் வெளிநாடுகளில் ஓடத் தொடங்கிவிட்டன. இடைக்கால மழையில் ஈரச் சரிவில் அவை எப்படி நிற்கும் என்பது அடுத்த அக்டோபர்களில் தெரியும்.

பங்கர் மணலை ஏற்றுவதும், குழியை மாற்றி அடைப்பதும், சம்பாவைப் பிடுங்குவதும் இன்னும் கைவேலைதான். மாமா ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. மழை விட்ட மறுநாள் காலையில் அவர் வீட்டு முன்னால் இருக்கும் சின்னப் புல்தரையில் சோப்புத் தண்ணீர் வாளியோடு நிற்பார். "பாரு பிள்ள, வந்துருச்சு" என்று பிள்ளைப்பூச்சியைக் காட்டுவார்.